401கே-வை மூணு வாரம் பூட்டப் போறோம், ஸ்டாஃப்கிட்ட எப்போ சொல்லணும்?

நியூ ஜெர்சியிலேர்ந்து ஒரு சகோதரி எழுதியிருக்காங்க. பேரு, ஊரு, கம்பெனி அடையாளம் எல்லாத்தையும் எடுத்துட்டேன், தேதிகளை மட்டும் விட்டு வச்சிருக்கேன், ஏன்னா இந்த லெட்டர்ல விஷயமே தேதியில தான் இருக்கு.

அவங்க வேலை பாக்குற கம்பெனியில 85 பேர். பாதி பேர் ஆபீஸ்ல கம்ப்யூட்டர் முன்னாடி, மீதி பேர் வேர்ஹவுஸ்ல. இவங்க அக்கவுண்ட்ஸ் பாக்குறாங்க, கூடவே ஹெச்.ஆரும் இவங்க தலையில தான். முதலாளி நம்ம ஊர்க்காரர், நல்ல மனுஷன், ஆனா பேப்பர் வேலைன்னாலே அலர்ஜின்னு எழுதியிருக்காங்க. இப்போ கம்பெனியோட 401கே பிளானை (சம்பளத்துலேர்ந்து பிடிச்சு ஓய்வுக்காலத்துக்கு சேக்குற திட்டம்) அதோட கணக்கு வழக்கைப் பாக்குற பழைய ப்ரொவைடர்கிட்டேர்ந்து ஃபீஸ் கம்மியா இருக்குற புது ப்ரொவைடருக்கு மாத்துறாங்க. புது ஆளுங்க அனுப்பின டைம்லைன் இது: அக்டோபர் 24 வெள்ளிக்கிழமை சாயங்காலம் 4 மணிக்கு மேல யாரும் லோனோ வித்ட்ராயலோ எடுக்க முடியாது, அக்டோபர் 31-க்கு மேல ஃபண்டு மாத்த முடியாது, நவம்பர் 3 திங்கள் பணம் கை மாறும், நவம்பர் 17-ஆம் தேதி வாரத்துல புது வெப்சைட் திறக்கும். லெட்டர் எழுதினது செப்டம்பர் 29. அன்னைக்கு வரைக்கும் ஸ்டாஃப் ஒருத்தருக்கும் தெரியாது.

முதலாளி சொல்றது என்னன்னா, 100 பேருக்கு கீழ இருக்குற கம்பெனிக்கு இந்த நோட்டீஸ் எல்லாம் கிடையாது, அப்படியே இருந்தாலும் அது ப்ரொவைடர் வேலை, அதுவும் இல்லேன்னா நவம்பர் 3-க்கு 30 நாள் முன்னாடி, அதாவது அக்டோபர் முதல் வாரத்துல ஒரு மெயில் தட்டிவிட்டா போதும், ரொம்ப முன்னாடி சொன்னா எல்லாரும் பயந்து பணத்தை உருவிடுவாங்க. இவங்க திரும்பத் திரும்ப கேட்டதும், "சரி, லேட்டாயிடுச்சுன்னு நெனச்சா செப்டம்பர் 20-ன்னு தேதி போட்டு அனுப்பிடு"ன்னு சொல்லிட்டாராம். இதுக்கு நடுவுல வேர்ஹவுஸ்ல ஒருத்தர் வீடு வாங்குறார், நவம்பர் 7 க்ளோசிங் (பணம் கட்டி வீட்டைக் கைமாத்துற நாள்), டவுன் பேமென்ட்டுக்கு 401கே லோனை நம்பித்தான் இருக்கார், ஆனா இன்னும் அப்ளை பண்ணல. தினமும் பிரேக் ரூம்ல அவர் முகத்தைப் பாத்துட்டு ஒண்ணும் சொல்ல முடியாம நிக்கிறேன், நான் மாட்டிக்குவேனா, என்ன பண்ணட்டும்னு கேக்குறாங்க.

சகோதரி, அவசரம்ங்கிறதால சுருக்கமா உங்களுக்கு அன்னைக்கே மெயில் போட்டுட்டேன். இங்க விரிவா எழுதுறது உங்க மாதிரி சின்ன கம்பெனியில ஒத்தையா நின்னு எல்லாத்தையும் பாக்குற மத்தவங்களுக்காகவும். நான் இதே துறையில இருக்குற வக்கீல் தான், ஆனா உங்க பிளான் டாக்குமென்ட்டை நான் படிக்கல, அதனால கம்பெனிக்குன்னு ஒரு பெனிஃபிட்ஸ் வக்கீலை ஒரு மணி நேரமாவது உக்கார வச்சுப் பேசுங்க.

முதல்ல அடிப்படை. தொடர்ந்து 3 வேலை நாளுக்கு மேல ஒருத்தர் தன்னோட 401கே-ல ஃபண்டு மாத்தவோ, லோன் எடுக்கவோ, பணம் எடுக்கவோ முடியாம நிறுத்தி வச்சா அதுக்கு பேரு பிளாக்அவுட் பீரியட். அது வரப்போகுதுன்னா எழுத்துல நோட்டீஸ் கொடுத்தே ஆகணும், குறைஞ்சது 30 நாள் முன்னாடி, ஆனா 60 நாளுக்கு மேல முன்னாடியும் இல்ல (ரொம்ப சீக்கிரம் சொன்னா ஜனங்க மறந்துருவாங்கன்னு அந்த மேல் வரம்பு). 100 பேர் கணக்கு எல்லாம் இதுல கிடையாது. முதலாளி அதை வேற எங்கயோ கேட்டிருப்பார், ஃபார்ம் 5500-க்கு (பிளானைப் பத்தி வருஷா வருஷம் அரசாங்கத்துக்கு கொடுக்குற ரிப்போர்ட்) ஆடிட்டர் வேணுமா வேணாமாங்கிற விஷயத்துல தான் 100-ங்கிற நம்பர் வரும், அதை இங்க கொண்டு வந்து ஒட்டிட்டார்னு நினைக்கிறேன். முதலாளியும் அவர் மனைவியும் மட்டும் இருக்குற பிளானுக்கு விலக்கு உண்டு, 85 பேருக்கு நிச்சயமா கிடையாது.

30 நாளை எங்கேர்ந்து எண்ணணும்

இது தான் உங்க கேஸ்ல பெரிய ஓட்டை, இதுல நிறைய கம்பெனி விழுந்திருக்கு. உங்க முதலாளி பணம் கை மாறுற நவம்பர் 3-லேர்ந்து பின்னாடி எண்ணுறார். சட்டம் அப்படி எண்ணல. பாதிக்கப்படுற உரிமையை ஸ்டாஃப் கடைசியா எந்த நாள்ல பயன்படுத்த முடியுமோ அந்த நாள்லேர்ந்து 30 நாள் பின்னாடி போகணும். உங்க டைம்லைன்ல முதல்ல நிக்கிறது லோனும் வித்ட்ராயலும், அதுக்கு கடைசி நாள் அக்டோபர் 24. அதுலேர்ந்து 30 நாள் பின்னாடி போனா செப்டம்பர் 24. நீங்க எனக்கு லெட்டர் எழுதும்போதே அந்த தேதி தாண்டி 5 நாள் ஆச்சு.

இதைப் படிச்சதும் உங்களுக்கு வயித்துல புளியைக் கரைச்சிருக்கும், தெரியும். ஆனா இன்னும் கையை மீறிப் போகல, ஏன்னா பிளாக்அவுட் இன்னும் ஆரம்பிக்கல. நோட்டீஸை பின்னாடி இழுக்க முடியாது, ஆனா பிளாக்அவுட்டைத் தள்ளிப் போடலாம். அக்டோபர் 1-ஆம் தேதி நோட்டீஸ் போச்சுன்னா அக்டோபர் 31 வரைக்கும் லோன், வித்ட்ராயல், ஃபண்டு மாத்துறது எல்லாமே திறந்திருக்கணும், அவ்ளோ தான். ப்ரொவைடருக்கு போன் போட்டு "லோன் கட்-ஆஃபை அக்டோபர் 24-லேர்ந்து தள்ளி வைங்க"ன்னு கேளுங்க. என்னைக் கேட்டா 31-ன்னு ஒட்டி வைக்காம மொத்த வேலையையும் ஒரு வாரம் தள்ளி நவம்பர் 7 கடைசி நாள்னு வைக்கச் சொல்வேன், தபால்ல ஒண்ணு ரெண்டு திரும்பி வந்தாலும் சமாளிக்க இடம் இருக்கும். பழைய ப்ரொவைடரும் ஒத்துக்கணும், அவங்க தான் கொஞ்சம் முரண்டு பிடிப்பாங்க, போற கஸ்டமருக்கு எவன் அவசரம் காட்டுவான். இன்னொண்ணு, ஒரு வாரம் தள்ளினா முடியுற தேதி தேங்க்ஸ்கிவிங் வாரத்துல வந்து விழும், அந்த வாரத்துல வெப்சைட் திறக்குறேன்னு ப்ரொவைடர் சொன்னா நம்பாதீங்க, டிசம்பர் முதல் வாரம்னே நோட்டீஸ்ல போடச் சொல்லுங்க.

முடியுற தேதியை ஒரே நாளா சொல்லணும்னு இல்ல, "இந்த வாரத்துல முடியும்"னு வாரமா சொல்லலாம், ஆனா அந்த வாரத்துல முடிஞ்சுதா இல்லையான்னு காசு செலவில்லாம தெரிஞ்சுக்க ஒரு டோல்-ஃப்ரீ நம்பரோ வெப்சைட்டோ இருக்கணும், அதையும் நோட்டீஸ்லயே போட்டுடணும். அப்புறம் சொன்ன தேதி மாறிச்சுன்னா சும்மா இருக்கக் கூடாது, எவ்ளோ சீக்கிரம் முடியுமோ அவ்ளோ சீக்கிரம் ஏன் மாறிச்சுன்னு சொல்லி இன்னொரு நோட்டீஸ்.

"ப்ரொவைடர் பாத்துக்குவாங்க"

பாத்துக்குவாங்க, பாதி. நோட்டீஸ் டிராஃப்ட் பண்ணிக் கொடுப்பாங்க, சில பேர் காசு வாங்கிட்டு தபால்லயும் போட்டுக் கொடுப்பாங்க. ஆனா சட்டப்படி பொறுப்பு பிளான் அட்மினிஸ்ட்ரேட்டர் மேல. அது யாருன்னு பிளான் டாக்குமென்ட்ல எழுதியிருக்கும், உங்க மாதிரி இடங்கள்ல பெரும்பாலும் கம்பெனியே தான். போன வருஷ ஃபார்ம் 5500-ஐ எடுத்து பிளான் அட்மினிஸ்ட்ரேட்டர்ங்கிற இடத்துல யார் கையெழுத்து இருக்குன்னு பாருங்க. முதலாளி கையெழுத்துன்னா நிம்மதி. உங்க கையெழுத்துன்னா (சின்ன கம்பெனியில "இங்க ஒரு சைன் போடும்மா"ன்னு நீட்டிடுவாங்க) அதை முதல் வேலையா அந்த வக்கீல்கிட்ட காட்டுங்க.

தப்பினா என்ன ஆகும்? லேபர் டிபார்ட்மென்ட் அபராதம் போடலாம். சட்டம் எழுதினப்போ ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 100 டாலர் வரைன்னு வச்சாங்க, வருஷா வருஷம் விலைவாசிக்கு ஏத்த மாதிரி அது ஏறிட்டே வந்து இப்போ 100-க்கு நல்லா மேல நிக்குது. ஒவ்வொரு ஆளும் தனித் தனி தப்பு, நோட்டீஸ் கொடுக்கத் தவறின நாள்லேர்ந்து பிளாக்அவுட் முடியுற கடைசி நாள் வரைக்கும் மீட்டர் ஓடும். உங்க 85 பேரோட, பணத்தை இன்னும் எடுக்காம விட்டு வச்சிருக்குற பழைய ஸ்டாஃப் 25 பேர்னு நீங்க சொன்னதையும் சேத்தா 110 பேர். செப்டம்பர் 25-லேர்ந்து நவம்பர் 21 வரை 58 நாள். பழைய 100 டாலர் கணக்குலயே 6,38,000 டாலர் வருது. இது உச்சவரம்பு, வேணும்னே பண்ணினாங்களா தெரியாம பண்ணினாங்களான்னு பாத்து குறைப்பாங்க, தள்ளுபடியும் பண்ணலாம், முழுசா போடுவாங்கன்னு சொல்லி உங்களை நான் பயமுறுத்த வரல. ஆனா இந்தக் காசை பிளான்லேர்ந்து எடுத்துக் கட்ட முடியாது, அட்மினிஸ்ட்ரேட்டர் சொந்தக் காசு. இந்த ஒரு வரியை முதலாளிகிட்ட சொல்லிப் பாருங்க, அலர்ஜி போயிடும்.

பயந்து பணத்தை எடுத்துருவாங்களா?

எடுக்க வழியே இல்லையே. வேலையில இருக்கும்போது, 59½ வயசுக்கு கீழ இருக்குற ஆள் தன் சம்பளத்துல பிடிச்ச 401கே பணத்தை நெனச்ச நேரத்துக்கு எடுக்க முடியாது. லோன் எடுக்கலாம், அதுவும் தன் பங்குல பாதி வரைக்கும், 50,000 டாலருக்கு மேல போகாம. பெரிய கஷ்டம்னா ஹார்ட்ஷிப் வித்ட்ராயல், அதுக்கு பிளான் இடம் கொடுக்கணும், வரி உண்டு, பெரும்பாலும் 10 சதவீதம் அபராதமும் உண்டு. பீதி கிளம்பி ஆபீஸே வரிசையில நிக்கும்ங்கிறது கற்பனை. பயந்தா அதிகபட்சம் ஃபண்டை மாத்துவாங்க, ஷேர் ஃபண்டுலேர்ந்து பத்திரமா ஏதாவது ஒண்ணுக்கு. அது அவங்க உரிமை, அதை அவங்க யோசிச்சு செய்யட்டும்னு தான் நோட்டீஸே.

இந்த சட்டம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு அவருக்கு தெரிஞ்சா ஒருவேளை புரியும். 2001 அக்டோபர் கடைசியில ஹூஸ்டன்ல என்ரான் கம்பெனி இதே மாதிரி தான், 401கே ப்ரொவைடரை மாத்துறோம்னு அக்கவுண்ட்டை எல்லாம் நவம்பர் நடுவு வரைக்கும் பூட்டினாங்க. ஸ்டாஃபோட சேமிப்புல பெரும் பகுதி கம்பெனி ஷேர்லயே இருந்துச்சு, ஷேர் தினமும் விழுந்துட்டே இருக்கு, இவங்களால விக்க முடியல. டிசம்பர் 2-ஆம் தேதி கம்பெனி திவால் மனு போட்டுச்சு. அடுத்த ஜூலை 30-ல சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டம் கையெழுத்தாச்சு, அதுல தான் இந்த 30 நாள் நோட்டீஸ், 2003 ஜனவரி 26-லேர்ந்து அமல். பப்ளிக் கம்பெனின்னா ஸ்டாஃப் கையைக் கட்டி வச்சிருக்குற நேரத்துல டைரக்டர்களும் பெரிய அதிகாரிகளும் கூட கம்பெனி ஷேரைத் தொடக்கூடாதுன்னும் அதே சட்டம் சொல்லுது. உங்க பிளான்ல கம்பெனி ஷேர் எதுவும் இல்ல, அதனால அந்தப் பக்கம் நமக்கு வேண்டாம்.

ஸ்டாஃப் கேக்கப் போற முதல் கேள்வி, "கம்பெனி ஆடுதா?"ன்னு தான் இருக்கும். நேரா பதில் சொல்லுங்க: 401கே பணம் தனி டிரஸ்ட்ல இருக்கு, கம்பெனிக்கு கடன் கொடுத்தவங்க அதுல கை வைக்க முடியாது, மாறுறது கணக்கு எழுதுற இடம் மட்டும் தான்.

விலக்கு எதுவும் உண்டா?

உண்டு, ஆனா உங்களுக்கு பொருந்தாது. எதிர்பாக்காத, நம்ம கையில இல்லாத காரணத்தால லேட் ஆச்சுன்னா 30 நாள் விதி தளரும், ஆனா பொறுப்பான ஆள் அதை எழுத்துல, தேதியோட, கையெழுத்தோட பதிவு பண்ணணும். "மறந்துட்டேன்" அதுல வராது, "ஸ்டாஃப் பயப்படுவாங்கன்னு சொல்லல" சத்தியமா வராது. ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு சின்ன கம்பெனியை வாங்கினோமே, மெர்ஜர் விலக்கு கிடைக்காதான்னு நீங்க கேட்டிருந்தீங்க. அந்த விலக்கு, மெர்ஜரால ஒரு பிளானுக்குள்ள வர்ற அல்லது வெளிய போற ஆளுங்களுக்கு மட்டும் அதே காரணத்தால வர்ற பிளாக்அவுட்டுக்கு தான். இப்போ நீங்க எல்லாருக்கும் பூட்டுறது ஃபீஸ் கம்மி பண்றதுக்கு.

நோட்டீஸ்ல என்னென்ன இருக்கணும்னா: ஏன் பூட்டுறோம், எந்தெந்த ஃபண்டு, எந்தெந்த உரிமை நிக்கும், எப்போ ஆரம்பம் எப்போ முடிவு, இடையில மாத்த முடியாதுங்கிறதால இப்போ வச்சிருக்குற முதலீடு சரியா இருக்கான்னு யோசிச்சுக்கோங்கன்னு ஒரு பத்தி, கேள்வி இருந்தா யாரைக் கூப்பிடணும்னு பேர், விலாசம், போன் நம்பர். சொந்தமா எழுதி கஷ்டப்படாதீங்க, லேபர் டிபார்ட்மென்ட்டே ஒரு மாதிரி நோட்டீஸ் விதியோட சேத்து கொடுத்திருக்கு, அதுல உங்க விவரத்தை நிரப்பினா போதும்.

அனுப்புறதுல தான் கவனம். கம்ப்யூட்டர்லயே வேலை பாக்குற ஆபீஸ் ஸ்டாஃபுக்கு ஆபீஸ் மெயில் போதும். வேர்ஹவுஸ் ஆளுங்களுக்கு கம்பெனி மெயில் ஐடி இருந்தாலும் அவங்க வேலையே அதுல இல்ல, அதனால பேப்பர் தான். வேலையை விட்டுப் போன அந்த 25 பேரையும், இறந்து போன ஸ்டாஃபோட அக்கவுண்ட்டை வச்சிருக்குற குடும்பத்தையும் சேத்துக்கோங்க, ஃபர்ஸ்ட் க்ளாஸ் தபால்ல போட்டா போட்ட நாளே கணக்கு. ஆபீஸ் வாட்ஸ்அப் க்ரூப்ல போட்டாச்சு, மீட்டிங்ல சொல்லியாச்சுங்கிறதெல்லாம் கூடுதலா செய்யலாம், நோட்டீஸா எடுத்துக்க மாட்டாங்க. தபால் ரசீது, யார் யாருக்கு போச்சுங்கிற லிஸ்ட், மெயில் போன நேரம் மூணையும் ஒரே ஃபோல்டர்ல வச்சிடுங்க.

பழைய தேதி போடச் சொன்னது

இதை மட்டும் செய்யவே செய்யாதீங்க. லேட்டா போன நோட்டீஸ் ஒரு அபராத விஷயம். பொய்த் தேதி போட்ட நோட்டீஸ் வேற ரகம், ஓய்வூதியச் சட்டம் கேக்குற ஆவணத்துல தெரிஞ்சே பொய் எழுதினா 5 வருஷம் வரை ஜெயில்னு தனியா கிரிமினல் சட்டமே இருக்கு. அதுல டைப் பண்ணினது யார், அனுப்பினது யார்னு தான் முதல்ல பாப்பாங்க, அது நீங்க. மெயிலோட நேரமும் தபால் முத்திரையும் அரை மணி நேரத்துல காட்டிக் கொடுத்துடும்ங்கிறது வேற விஷயம்.

உங்க சொந்த நிலைமை: சொன்னதைச் செய்யுற க்ளெர்க் வேலை மட்டும் பாக்குறவங்களை, ஃபார்ம் நிரப்புறது, தபால் போடுறது, கணக்கு எழுதுறது மாதிரி, பொதுவா பிளானோட பொறுப்பாளரா சட்டம் பாக்காது. முடிவெடுக்குற அதிகாரம் இருந்தா தான் சிக்கல். அதனால முடிவு முதலாளியோடதுன்னு எழுத்துல தெரியட்டும். "சார், அக்டோபர் 24 கட்-ஆஃபுக்கு செப்டம்பர் 24-க்குள்ள நோட்டீஸ் போயிருக்கணும், அது தாண்டிடுச்சு, ப்ரொவைடர்கிட்ட தேதியைத் தள்ளச் சொல்லி கேக்கவா? இன்னைய தேதி போட்ட டிராஃப்ட் இணைச்சிருக்கேன்"னு ஒரு சாதாரண வேலை மெயில். புகார் தொனியே வேண்டாம். இதுக்கு காரணம் இருக்கு. வேலையை விட்டுத் தூக்கினா சட்டம் காப்பாத்தும்னு உங்க ஃப்ரெண்ட் சொன்னதா எழுதியிருந்தீங்க, அது முழுசா சரியில்ல. எரிசாங்கிற ஓய்வூதியச் சட்டத்துல பழிவாங்குறதை தடுக்குற பிரிவு இருக்கு, ஆனா நியூ ஜெர்சி வர்ற 3-ஆவது சர்க்யூட் ஃபெடரல் அப்பீல் கோர்ட் 2010-ல ஒரு ஹெச்.ஆர். டைரக்டர் கேஸ்லயே, யாரும் விசாரிக்காம தானா முதலாளிகிட்ட போய் சொன்ன புகாருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லன்னு சொல்லிடுச்சு. வேற சில ஏரியா கோர்ட்டுங்க வேற மாதிரி சொல்லியிருக்கு, ஆனா உங்களுக்கு பொருந்துறது இது. அதனால முதல்ல மெதுவா, எழுத்துல, தீர்வோட போங்க. அவர் அப்பவும் பழைய தேதியிலயே நின்னா, லேபர் டிபார்ட்மென்ட்டோட பெனிஃபிட்ஸ் பிரிவு இலவச நம்பர் 1-866-444-3272, அங்க இருக்குற அட்வைசர்கிட்ட பொதுவான கேள்வியா கேளுங்க, அதுக்கு முன்னாடி உங்களுக்குன்னு தனியா ஒரு வக்கீல். கம்பெனி வக்கீல் கம்பெனிக்கு தான் வக்கீல்.

தள்ள முடியவே முடியாதுன்னு ப்ரொவைடர் கையை விரிச்சுட்டாங்கன்னா, அப்பவும் இன்னைக்கே நோட்டீஸ் அனுப்புங்க, 30 நாள் முன்னாடி கொடுக்கணும்னு ஃபெடரல் சட்டம் சொல்லுதுங்கிறதையும், ஏன் கொடுக்க முடியலைங்கிறதையும் உள்ளது உள்ளபடி அதுலயே எழுதி. தப்பு தப்பு தான், ஆனா 25 நாள் முன்னாடி உண்மையைச் சொன்னவங்களையும் ஒண்ணுமே சொல்லாதவங்களையும் டிபார்ட்மென்ட் ஒரே மாதிரி பாக்காது.

பூட்டியிருக்குற நாள்லயும் சம்பளத்துல பிடிக்கிற பணம் கம்பெனி பேங்க் அக்கவுண்ட்ல தங்கக் கூடாது, பிரிக்க முடிஞ்ச உடனே பிளானுக்கு போயிடணும். அடுத்த மாசம் 15-ஆவது வேலை நாள் வரை டைம் இருக்குன்னு முதலாளி சொல்வார், அது எல்லைக்கோடு, அது வரைக்கும் வச்சுக்கோன்னு கொடுத்த அனுமதி கிடையாது.

கடைசியா அந்த வேர்ஹவுஸ் தம்பி. அவருக்கு இதைச் சொல்லக் கூடாதுன்னு எந்தச் சட்டமும் இல்ல, ஆனா அவருக்கு மட்டும் ரகசியமா சொல்றதை விட எல்லாருக்கும் நோட்டீஸ் போறது தான் உங்களுக்கும் பாதுகாப்பு, அதனால தான் நாளைக்கே அனுப்புங்கன்னு உங்களை விரட்டுறேன். நோட்டீஸ் கையில கிடைச்சதும் அவர் அந்த வாரமே லோனுக்கு அப்ளை பண்ணட்டும், கட்-ஆஃபுக்குள்ள அப்ளை பண்ணினா போதாது, பணம் அவர் பேங்க்ல வந்து விழுந்திருக்கணும்னு தெளிவா சொல்லுங்க. குடியிருக்குற வீடு வாங்கன்னு கேட்டா, பிளான் இடம் கொடுத்தா, 5 வருஷத்துக்கு மேலயும் தவணை கிடைக்கும். புது ப்ரொவைடருக்கு மாறினதும் முதல் ரெண்டு சம்பள ஸ்லிப்ல லோன் தவணை பிடிச்சிருக்கா, புது வெப்சைட்ல அது ஏறியிருக்கான்னு நீங்களே ஒரு தடவை பாத்துடுங்க, மாறுற நேரத்துல தவணை விட்டுப் போறது சகஜம். பிளான்ல கால அவகாசம் வச்சிருந்தா, நவம்பர்ல விட்டதை மார்ச் 31-க்குள்ள சரி பண்ணிக்கலாம், விட்டுட்டா பாக்கி லோன் மொத்தமும் அவருக்கு வருமானமா போய் வரி விழுந்துடும்.